மடுவில் தறப்பாளா, வீடா? வன்னியில் முன்பதிவு செய்தும் செய்யாமலும் தங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்ப் பக்கக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா திருத்தலத்தின் ஆடித் திருவிழாவும் ஆவணித் திருவிழாவும் நெருங்கும்போது எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது: மடுவில் வீடு கிடைக்குமா, இல்லாவிட்டால் நேரே போய்த் தறப்பாள் (தார்ப்பாய்) கட்டிக்கொள்ளலாமா? வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் வில்பத்து, முல்லைத்தீவுக் கடற்கரை என்று மேலும் சிலவற்றைக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி மடுவைப் பற்றியது. வன்னியில் மக்கள் குடும்பம் குடும்பமாக வெளியில் தங்கும் இடங்களில் அதைவிடப் பெரியது வேறில்லை. மற்ற இடங்கள் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன.

முன்பதிவு எதுவும் இல்லாமல் மடுவுக்குப் போய்த் தங்க முடியுமா?

முடியும். மடு தொடங்கியதே அப்படித்தான். 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் வந்து மருதமடுவில் குடியேறின. யாரும் அவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. பின்னாட்களில் மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் கம்பு வெட்டிக் குழை வேய்ந்து, நவநாள் முழுவதும் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டுச் செபித்தார்கள். அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. குழைக்குப் பதிலாகத் தறப்பாளும் வண்டிக்குப் பதிலாக ட்ரெக்டரும் வானும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீடு, அறை, மண்டபம் என்று கூரையுள்ள இடம் வேண்டுமானால் முன்பதிவு வேண்டும். மரத்தடியில் தரை வேண்டுமானால் பதிவு தேவையில்லை, நேரத்தோடு போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பதிவும் செய்யாமல் ஓகஸ்ட் 14ஆம் திகதி மாலை வந்து இறங்கி அறை தேடுகிறவர்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் அவதிப்படுகிறார்கள்.

வீடோ அறையோ வேண்டுமானால் யாரிடம், எப்போது கேட்பது?

திருத்தலத்தின் நிர்வாகம் மன்னார் மறைமாவட்டத்துக்கு உரியது. தங்குமிடங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் திருத்தலப் பரிபாலகரின் அலுவலகம். நேரில் போகக்கூடியவர்கள் நேரில் போவதே நல்லது. தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் பங்குத்தந்தை வழியாகத் தொடர்புகொள்ளலாம். பெரிய திருவிழாவுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முந்திக் கேளுங்கள். ஓகஸ்ட் பிறந்தபின் ஆவணித் திருவிழாவுக்கு வீடு கேட்பது வீண் அலைச்சல்.

கேட்கும்போது எத்தனை பேர், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, நடக்க முடியாதவர்கள் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆறு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினாறு பேர் போய் இறங்குவது அடுத்த அறையில் இருப்பவர்களின் தண்ணீரையும் மலசலகூடத்தையும் பறிப்பதாகும். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்கி, அதை அசலாகவே கையில் எடுத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் மட்டும் இருந்தால் போதாது. திருவிழாக் கூட்டத்தில் தொலைபேசித் தொடர்பு நம்பத்தக்கதாக இருப்பதில்லை, மின்னேற்றம் தீர்ந்துவிட்டால் அதுவும் இல்லை.

சில ஆண்டுகள் வழக்கத்துக்கு மீறியவை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று மடுவுக்கு வந்தார். 1924 ஜூலை 2 அன்று மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டியதன் நூற்றாண்டு 2024இல் வந்தது. இப்படியான நிகழ்வு அறிவிக்கப்பட்டால், கூரை வேண்டும் என்பவர்கள் அறிவிப்பு வந்த கிழமையே கேட்டுவிட வேண்டும்.

எங்களோடு எண்பது வயதான அப்பம்மாவும் கைக்குழந்தையும் வருகிறார்கள். மரத்தடி போதுமா?

போதாது. முதியவருக்கும் குழந்தைக்கும் பதிவு செய்யுங்கள். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வன்னி காய்ந்து கிடக்கும். பகலில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும். இளைஞர்கள் ஒரு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கும் சிறுநீருக்கு இரவில் மூன்று முறை எழும்புகிறவர்களுக்கும் அது தண்டனை.

குடும்பம் முழுவதற்கும் அறை தேவையில்லை. அப்பம்மா, குழந்தை, தாய் ஆகிய மூவருக்கும் ஓர் அறை பதிவு செய்து, மற்றவர்கள் பக்கத்தில் தறப்பாள் கட்டிக்கொள்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கும் அதுதான் மிகச் சரியான வழியாகப் படுகிறது. செலவு குறைவு, இன்னொரு குடும்பத்தின் முதியவருக்கும் ஓர் அறை மிஞ்சும்.

அறை கிடைக்காமற்போனால் அப்பம்மாவை நவநாளின் இடையில் ஒரு சாதாரண நாளில் கூட்டிச் சென்று, திருப்பலி கண்டு, மாதாவைக் கும்பிட்டு, அன்றே திரும்புங்கள். வேஸ்பர் (திருவிழாவுக்கு முந்திய மாலை வழிபாடு) இரவில் அவரைக் கூட்டத்துக்குள் இழுத்துச் செல்வதைவிட அது எவ்வளவோ மேல். மாதா எந்த நாளிலும் அங்கேதான் இருக்கிறார்.

பதிவு செய்யாமல் போவதென்றால் எந்த நாளில் போய்ச் சேர வேண்டும்?

ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 6 அன்று கொடியேற்றத்தோடு தொடங்குகிறது. தொடர்ந்து நவநாட்கள். 14ஆம் திகதி மாலை வேஸ்பர், 15ஆம் திகதி காலை திருவிழாத் திருப்பலி, அதன்பின் திருச்சொரூப பவனியும் ஆசீரும். ஆடித் திருவிழாவுக்கு ஜூன் 23இல் கொடி, ஜூலை 1 மாலை வேஸ்பர், ஜூலை 2 திருவிழா.

கொடியேறிய முதல் மூன்று நான்கு நாட்களில் போகிறவர்கள் நிழலைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கலாம். ஓகஸ்ட் 10, 11 வரை கூட இடம் இருக்கும், நல்ல நிழல் குறைந்திருக்கும். 12க்குப் பின் எது கிடைக்கிறதோ அதுதான். 14 மாலை வருகிறவர்கள் இடத்தை மறந்துவிட வேண்டும். பாயை விரித்து இரவைக் கழித்து, காலைத் திருப்பலியோடு புறப்படுகிற மனநிலையோடு வந்தால் அதிலும் குறையில்லை. பாதயாத்திரையாக வரும் பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

எந்த நாளானாலும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். வீடு திரும்புகிறவர்கள் காலைத் திருப்பலி முடிந்ததும் தறப்பாளை அவிழ்ப்பார்கள். அந்த நேரத்தில் நிற்பவருக்குத்தான் நல்ல இடம்.

வேலை காரணமாக வேஸ்பருக்கு முன் லீவு எடுக்க முடியாதவர்களுக்கு ஒரு யோசனை: ஆவணியை விட்டு ஆடிக்குப் போங்கள். கூட்டம் குறைவு. பாலைப்பழக் காலத்தின் கடைசிப் பழங்களும் வழியில் கிடைக்கக்கூடும்.

மரத்தடியில் இடம் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கொப்பு தொங்கும் மரத்தின் கீழ் கட்டக்கூடாது. கச்சான் காற்று ஒரு கொப்பை முறிக்க அதிக நேரம் எடுக்காது. பிறகு மாலை மூன்று மணி வெயில் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். காலையில் குளிர்ந்திருக்கும் நிழல் பின்னேரத்தில் அப்படியே பெயர்ந்துவிடும். மேற்குப் பக்கத்தில் அடர்த்தியான மரம் இருப்பதே உண்மையான நிழல்.

தண்ணீர்க் குழாய்க்கு அருகில் இடம் கிடைத்ததென்று மகிழாதீர்கள். அங்கே விடியற்காலை மூன்று மணிக்கே வாளிச் சத்தம் தொடங்கிவிடும், தரை எப்போதும் சகதி. ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருங்கள். மலசலகூடத்துக்குக் காற்றுப் பக்கத்தில் இருக்க வேண்டுமே தவிர, அதைத் தாண்டிய பக்கத்தில் அல்ல. அதாவது காற்று உங்களைக் கடந்து அங்கே போக வேண்டும்.

ஓகஸ்டில் நிலம் கல்லாக இறுகியிருக்கும். மெல்லிய கம்பிமுளைகளோடு விற்கப்படும் வெளிநாட்டுக் கூடாரங்கள் அங்கே நிற்பதில்லை, முளை வளைந்துவிடும். தறப்பாள், நல்ல நைலோன் கயிறு, நான்கு கம்பு, ஓர் அலவாங்கு இருந்தால் எந்த இடத்திலும் கட்டலாம். மரங்களில் ஆணி அடிக்காதீர்கள், கம்புக்காகக் காட்டில் கை வைக்காதீர்கள். பாலையும் வீரையும் முதிரையும் வளர எத்தனை காலம் எடுக்கும் என்று வன்னிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.

அடுப்பு மூட்டும் இடத்தைச் சுற்றிச் சருகு கூட்டித் துப்புரவாக்கி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோ மண்ணோ வைத்திருங்கள். காய்ந்த காலத்தில் அந்தக் காட்டில் ஒரு பொறி விழுந்தால் பதினைந்து தறப்பாள்கள் ஒரு மூச்சில் போய்விடும்.

எங்களில் ஒருவர் முன்னே போய் இருபது பேருக்கு இடம் பிடித்து வைக்கலாமா?

இதைப் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. ஒருவர் இரவு முந்திப் போய், மறுநாள் வருகிற தன் குடும்பத்துக்கு ஒரு தறப்பாள் அளவு இடம் பிடிப்பதில் பிழையில்லை. ஆனால் நான்கு மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு ஐந்து நாட்கள் அதை வெறுமையாகப் போட்டுவைப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பதிவுச்சீட்டும் இல்லை, ஆளும் இல்லை, கயிறு மட்டும் இருக்கிறது. அந்தக் கயிற்றுக்கு வெளியே, கிளிநொச்சியிலிருந்தோ அடம்பனிலிருந்தோ நடந்து வந்த ஒரு குடும்பம் வெயிலில் பாய் விரித்திருக்கும்.

அறையைப் பதிவு செய்தவருக்கு அந்த அறையில் உரிமை உண்டு. அவர் கேட்டார், நிர்வாகம் கொடுத்தது, கணக்கில் இருக்கிறது. மரத்தடித் தரையை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அங்கே இருப்பவருக்குத்தான் அது. இருப்பவர் எழும்பிப் போனால் அடுத்தவருக்கு. இந்த ஒழுங்கு எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை என்றாலும் மூத்தவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். புறப்படும்போது அடுப்புக் கற்களை அப்படியே விட்டு, சாம்பலை மட்டும் கூட்டி அள்ளி, "வாருங்கள், இதிலே கட்டுங்கள்" என்று வருகிறவர்களைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எனவே, இருபது பேருக்கு இடம் வேண்டுமானால் குறைந்தது ஐந்தாறு பேராவது அங்கே இருங்கள், உண்மையிலேயே தங்குங்கள். மிகுதிப் பேர் வருவது நிச்சயமில்லை என்றால் அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள். பெரிய பங்குக் குழுவாக வருகிறவர்கள், ஒரே இடத்தில் இருக்க வேண்டிய தேவை இருந்தால், முன்பே பரிபாலகரின் அலுவலகத்தில் சொல்லி வழிகாட்டல் பெறுவதே முறை.

வெறும் கயிறு கட்டிய இடத்தில் நீங்கள் போய் இருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பக்கத்திலிருப்பவர்களைக் கேளுங்கள். இன்று யாரும் வரமாட்டார்கள் என்றால் திருத்தலத் தொண்டர்களிடம் சொல்லிவிட்டு இருங்கள். கயிற்றை அறுத்துச் சண்டைக்கு நிற்க வேண்டாம். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வரும் சிங்களக் குடும்பங்களோடு மொழி புரியாமல் சின்ன விடயம் பெரிதாகிவிடுவதுண்டு. ஒரு தேநீர் கொடுத்துக் கையால் காட்டிப் பேசினால் அவர்களே தறப்பாளை ஒதுக்கி இடம் தருவார்கள். அதையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அம்மம்மா மடுவுக்கு வர விரும்புகிறார், ஆனால் தறப்பாளின் கீழ் படுக்கமாட்டேன் என்கிறார். எப்படிச் சமாதானம் செய்வது?

சமாதானம் செய்ய முயலாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வன்னியில் தறப்பாள் பலருக்குத் திருவிழாவின் பொருள் அல்ல. 1990இலிருந்து மடுத் திருத்தல வளாகமே அகதிகளின் இடமாக இருந்தது. 1999 நவம்பர் 20 அன்று அங்கே விழுந்த எறிகணைகளில் தஞ்சமடைந்திருந்தவர்கள் நாற்பது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். 2008இல் போர் நெருங்கியபோது மாதாவின் சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அதன்பின் 2009இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலிலும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலும் எங்கள் மக்கள் தறப்பாளின் கீழ்தான் கிடந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. தறப்பாளில் காற்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அவருக்கு அறை பதிவு செய்யுங்கள். அறை கிடைக்காவிட்டால் வவுனியாவிலோ மன்னாரிலோ உறவினர் வீட்டில் இரவு தங்க வைத்து, காலையில் அழைத்து வாருங்கள். பதிவு என்பது வசதிக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணத்தை நான் எப்போதும் சொல்வேன். பிள்ளைகளுக்கு மடுவில் தறப்பாள் கட்டுவது கொண்டாட்டமாக இருக்கலாம், இருக்கட்டும். அம்மம்மாவுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் கேட்கக்கூடாது.

ஒருவர் பணம் கொடுத்தால் வீடு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம். பரிபாலகரின் அலுவலகத்தில் விசாரித்து, அங்கே உங்கள் பெயரில் பதிவு இருக்கிறது என்று உறுதியாகும்வரை யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாத பதிவு பதிவே அல்ல. மரத்தடி இடத்துக்கு யாராவது பணம் கேட்டால் உடனே திருத்தல அலுவலகத்திலோ பொலிஸ் காவலரணிலோ சொல்லுங்கள்.

தண்ணீரும் மலசலகூடமும் எப்படி?

திருவிழா நாட்களில் பவுசர்களில் தண்ணீர் வரும், குழாய்களும் உண்டு. பொது மலசலகூடங்கள் இருக்கின்றன. இலட்சக்கணக்கானவர்கள் கூடும் ஆவணித் திருவிழாவில் எதுவும் தாராளமாக இருக்காது. பதிவு செய்த அறைக்காரர்களும் இதிலிருந்து தப்புவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரை முதல் நாளுக்காவது வீட்டிலிருந்து கொண்டு போங்கள். இருபது லீற்றர் கான் இரண்டும் மூடியுள்ள வாளி ஒன்றும் இருந்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்கும். குளிப்பதற்கு மதிய நேரமே நல்லது, அப்போது வரிசை குறைவு.

பொலித்தீனை மரத்தடியில் விட்டு வராதீர்கள். மான், மரை, யானை எல்லாம் உலவும் காடு அது. மடு வீதியை அண்டிய காடு 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நாம் விட்டு வரும் உப்புப் பட்ட சோற்றுப் பொதிகளைத்தான் பின்னால் அவை தின்கின்றன.

பாம்பு, யானை, மிதிவெடி பற்றிப் பயப்பட வேண்டுமா?

பயத்தைவிடக் கவனம் வேண்டும். மடு மண் பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை, நானும் அந்த மண்ணை வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் யாரையாவது பாம்பு கடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் வரும், நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல நேரம் கடித்த இடம் வலிப்பதுகூட இல்லை. நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிப் படுப்பது மிக நல்ல பாதுகாப்பு. மடக்குக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் டோர்ச் இல்லாமல் ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

யானைக்கு அஞ்ச வேண்டியது பெரும்பாலும் வழியில்தான். பொழுது பட்டபின் காட்டு வீதியில் வேகமாக ஓடாதீர்கள்.

மிதிவெடி விடயத்தில் விளையாட்டே கூடாது. வன்னியில் பெரும் நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது என்றாலும், மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடத்தைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது. மக்கள் நடந்து பழகிய தடத்தை விட்டுக் காட்டுக்குள் தனி இடம் தேடுவது வேண்டாம். பதிவில்லாமல் பிந்தி வந்தவர்கள், "கொஞ்சம் உள்ளே போனால் ஆளில்லாத நிழல் கிடைக்கும்" என்று நினைப்பதுண்டு. ஆளில்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கலாம்.

எப்படிப் போவது? பிந்தி இரவில் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது?

யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஏ9 வீதியால் வவுனியா வந்து, பறயனாளங்குளம் போய் மன்னார் வீதியில் ஏறலாம். கொழும்பிலிருந்து தலைமன்னார் ரயிலில் வந்து மடு வீதி நிலையத்தில் இறங்கலாம். போரில் அழிந்த இந்தப் பாதை மடு வீதி வரை 2013இலும் தலைமன்னார் வரை 2015இலும் மறுபடி திறக்கப்பட்டது. நிலையத்திலிருந்து திருத்தலம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது, பஸ்ஸோ ஓட்டோவோ வேண்டும். திருவிழாவுக்குக் கூடுதல் பஸ்கள் ஓடும்.

இரவில் சேர்ந்தால் புதிய இடத்தில் தறப்பாள் கட்ட முயல வேண்டாம். இருட்டில் மற்றவர்களின் கயிற்றில் தடுக்கி விழுந்து, தூங்கும் குழந்தைகளை மிதிக்க நேரும். ஆலய முற்றத்தில் வெளிச்சமுள்ள இடத்தில் பாய் விரித்து விடியும்வரை இருங்கள்.

திருவிழா இல்லாத நாட்களில் போனால்?

அறை கிடைப்பது எளிது, ஆனாலும் சொல்லாமல் போக வேண்டாம். பிந்திய பின்னேரத்தில் போய்ச் சேர்ந்து, பொறுப்பானவர் இல்லாமல், கடையும் பூட்டியிருந்தால் சிரமப்படுவீர்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரிமழை. அந்தக் காலத்தில் மரத்தடி நினைப்பே வேண்டாம், கூரைதான்.

வில்பத்துக்குள் பதிவில்லாமல் போய்க் கூடாரம் போடலாமா?

முடியாது. இங்கே "நேரே போவது" என்ற தெரிவே இல்லை. வன்னியின் தென்மேற்கு எல்லையில் இருக்கும் வில்பத்து, இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பகலில் சுற்றிப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கி வாகனத்தில் உள்ளே போகலாம், பொழுது படமுன் வெளியே வந்துவிட வேண்டும். இரவு தங்குவதானால் திணைக்களத்தின் சுற்றுலா விடுதியோ கூடார இடமோ முன்கூட்டிப் பதிவு செய்து அனுமதிப் பத்திரத்தோடுதான் போக முடியும். அங்கே கடை இல்லை. உணவு, விளக்கு எல்லாம் நீங்களே கொண்டு போக வேண்டும். நீண்ட விடுமுறை வாரங்களில் இடங்கள் விரைவாக முடிந்துவிடும், ஆகவே விடுமுறையை முடிவு செய்யும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாகனச் சாரதியைப் பேசிவிட்டு இடத்தைத் தேடுவது தலைகீழ் வேலை.

உள்ளே சிறுத்தையும் கரடியும் இருக்கின்றன. கூடார இடத்தை விட்டுக் காலாற நடக்க முடியாது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தங்க இடம் பதிவு செய்ய வேண்டுமா?

அந்த இரவு பெரும்பாலானவர்கள் படுப்பதே இல்லை. வைகாசி விசாகப் பொங்கல் திங்கட்கிழமை வரும். நந்திக்கடலோரம் கண்ணகி அம்மன் கோவிலைச் சுற்றி மக்கள் பாய் விரித்து இருந்து, பொங்கி, விடியலில் திரும்புவார்கள். கடல்நீரில் விளக்கெரியும் அம்மனின் அந்த இரவுக்கு ஒரு பாயும் தண்ணீரும் போதும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரிகர்களும் அங்கே தங்கிப் போகிறார்கள். அவர்கள் எதையும் பதிவு செய்வதில்லை, வழியில் ஊரவர்களும் கோவில்களும் தரும் இடத்தில் கிடந்து எழும்புகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அறை அவசியம் என்றால் முல்லைத்தீவு நகரத்தில் முந்தியே பேசிவிடுங்கள். நகரம் சிறியது, விடுதிகள் கொஞ்சம்தான்.

கடற்கரையிலோ குளக்கட்டிலோ கூடாரம் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

ஊரவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரை வெறும் மணல் போலத் தெரியும். அங்கே பாடுகள் என்று சொல்லும் கரைவலை இழுக்கும் இடங்கள் இருக்கின்றன, வலை காயும் இடம் இருக்கிறது, வள்ளம் ஏற்றும் வழி இருக்கிறது. விடியற்காலை வலை இழுக்க வருகிறவர்களின் நடுவில் உங்கள் கூடாரம் நின்றால் ஒரு நாள் தொழில் கெடும். அந்த இடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் முதல் நாளே கேளுங்கள். அவர்களே காற்றுப்படாத ஒரு மூலையைக் காட்டுவார்கள். பல நேரம் மீனும் தருவார்கள்.

குளக்கட்டில் தங்க வேண்டாம். இரணைமடுவானாலும் கட்டுக்கரையானாலும் கட்டு என்பது வயலின் உயிர், அதில் முளை அடிப்பதும் அடுப்புத் தோண்டுவதும் கூடாது. குளங்களில் முதலையும் உண்டு. பகலில் போய்க் குளித்து, சாப்பிட்டு, பொழுது படமுன் திரும்புங்கள்.

பதிவு செய்துவிட்டோம், ஆனால் போக முடியவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடக்கூடாது. முற்பணம் திரும்பி வருமா வராதா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. கடைசி நாள் காலையில் சொன்னாலும் பயனுண்டு. அறைக்காக அலுவலக வாசலில் யாராவது ஒரு முதியவரோடு நின்றுகொண்டுதான் இருப்பார்கள். உங்களுக்குப் பதிலாக வேறு உறவினரை அனுப்புவதென்றாலும் அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முன்பே கொடுத்து, பற்றுச்சீட்டை அவரிடம் ஒப்படையுங்கள். நான்கு இரவுக்குப் பதிந்து இரண்டு இரவோடு திரும்புகிறவர்களும் திறப்பைக் கையோடு கொண்டு போகாமல், புறப்படும்போதே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.